வண்ணமும் விலையும்: ஓவியர் மார்க் ராத்கோவின் வாழ்வு

2012ஆம் ஆண்டு மே மாதம் நியூயார்க் நகரின் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்தில் ஓர் ஓவியம் 8 கோடியே 69 இலட்சம் டாலருக்கு விலைபோயிற்று. ஏறத்தாழ ஏழே முக்கால் அடி உயரமுடைய அத்துணியில் மனிதர் இல்லை, மரமும் மனையும் இல்லை. ஆரஞ்சு, சிவப்பு, மஞ்சள் என்னும் வண்ணங்கள் விளிம்பு மங்கிய செவ்வகங்களாய் ஒன்றன்மேல் ஒன்று நிற்கின்றன. அவ்வண்ணங்களின் பெயர்களே அதன் தலைப்பும் ஆகும். தீட்டியவர் மார்க் ராத்கோ. தீட்டிய ஆண்டு 1961.

இத்தகைய செய்தியை நாளிதழில் படிப்போர் பெரும்பாலும் இரு வகையினராய்ப் பிரிவர். ஒரு சாரார், பணம் மிகுந்தோரின் பைத்தியம் என்று நகைத்துப் பக்கத்தைப் புரட்டுவர். மற்றொரு சாரார், விளங்காததை விளங்கிற்று என்று காட்டிக்கொண்டு தலையசைப்பர். இவ்விரண்டும் போதா என்பது நம் கருத்து. இலக்கியம் பயிலும் மாணவர்க்கு, ஒரு படைப்பின் மதிப்பு வேறு, அதன் விலை வேறு என்னும் வேறுபாடு தெளிவாதல் வேண்டும். அதற்கு ராத்கோவின் வாழ்க்கையைக் காட்டிலும் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது.

அவர் 1903ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள், அன்றைய உருசியப் பேரரசுக்கு உட்பட்ட டுவின்ஸ்க் என்னும் ஊரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். அவ்வூர் இன்று லாத்வியா நாட்டில் டௌகவ்பில்ஸ் என வழங்குகிறது. இயற்பெயர் மார்கஸ் ராத்கோவிட்ஸ். தந்தையார் மருந்தாளுநர். நான்கு மக்களுள் இவரே இளையவர். யூதர் மீதான வன்முறைகள் பெருகியிருந்த காலம் அது. 1910இல் தந்தையார் அமெரிக்காவின் மேற்கே ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்து நகருக்குப் பிழைப்பு நாடிச் சென்றார். அண்ணன்மார் இருவரும் பின்தொடர்ந்தனர். தாயோடும் தமக்கையோடும் மார்கஸ் கப்பலேறியது 1913இல். ஆங்கிலம் ஒரு சொல்லும் அறியாத பத்து வயதுச் சிறுவன் அந்நாட்டில் இறங்கிய சில திங்களுக்குள், 1914இல், தந்தையார் காலமானார். பள்ளி நேரம் போகச் செய்தித்தாள் விற்றுக் குடும்பத்துக்கு உதவும் கடமை அவன்மேல் விழுந்தது.

படிப்பில் அவர் மந்தமில்லை. 1921இல் யேல் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. ஆயின் அவ்வுதவி முதலாண்டோடு நின்றது. பணி செய்து கட்டணம் செலுத்த நேர்ந்தது. செல்வர் மக்கள் சூழ்ந்த அவ்விடத்தில் ஏழை யூத இளைஞனுக்கு ஒட்டுதல் உண்டாகவில்லை. இரண்டாண்டில் பட்டம் பெறாமலே வெளியேறினார். அதே பல்கலைக்கழகம் 1969இல் அவரை அழைத்து மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது என்பதையும் ஈண்டே குறித்துவிடலாம்.

நியூயார்க் நகரை அடைந்த பின்னரே ஓவியம் அவர் வாழ்வில் புகுந்தது. அங்குள்ள ஓவிய மாணவர் சங்கத்தில் மாக்ஸ் வெபர் என்பாரிடம் பயின்றார். மில்டன் ஏவரி என்னும் மூத்த ஓவியரின் நட்பு, வண்ணத்தையே பெரிதாய்க் கொள்ளும் நோக்கை அவருக்கு அளித்தது. ஓவியம் சோறு போடவில்லை. 1929 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் புரூக்லின் பகுதியில் ஒரு யூதப் பள்ளியில் சிறுவர்க்கு ஓவிய ஆசிரியராய்ப் பணியாற்றினார்.

இந்த ஆசிரியப் பணியைக் கடந்துபோக நமக்கு மனமில்லை. நாமும் ஆசிரியர் என்பது மட்டும் அதற்குக் காரணமன்று. ராத்கோவின் ஓவியத்தைக் காண்போர் முதலில் எழுப்பும் வினா, இதை என் பிள்ளையும் தீட்டுமே என்பது. அவ்வினாவை அவரே தமக்குள் எழுப்பி ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர் என்பதைப் பலர் அறியார். குழந்தை எவ்வாறு தீட்டுகிறது, அதன் அச்சமின்மை எங்கிருந்து வருகிறது, இலக்கணம் கற்றபின் அது எங்கே போகிறது என்பன பற்றி அவர் 1930களில் குறிப்பேடு எழுதிவந்தார். 1933இல் போர்ட்லாந்து அருங்காட்சியகத்தில் அவருடைய முதல் தனிக்கண்காட்சி நடைபெற்றபோது, தம் ஓவியங்களோடு தம் மாணாக்கச் சிறுவரின் ஓவியங்களையும் சேர்த்தே வைத்தார். பிள்ளை தீட்டக்கூடியது என்னும் சொல் அவர் காதில் வசையாக விழுந்திராது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. குழந்தை ஒருமுறை தீட்டிவிட்டு விளையாடப் போகும்; அவரோ அந்த எளிமையை அடைய இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்தார்.

அவ்வுழைப்பின் படிகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1930களில் அவர் தீட்டியவை நகர மாந்தரையும், நிலத்தடி இரயில் நிலையங்களையும். தூண்களுக்கு இடையே தூண்களைப் போலவே மெலிந்து நிற்கும் பயணியர் அவற்றில் காணப்படுவர். பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் அரசு ஓவியர்க்கு ஊதியம் அளித்த திட்டத்தில் சேர்ந்து பிழைத்தார். 1932இல் மணந்த முதல் மனைவி ஈடித் நகை வடிவமைக்கும் தொழிலில் பொருளீட்டினார். கணவரும் அங்கே வேலை செய்ய நேர்ந்தது, அது அவருக்குக் கசந்தது. அம்மணம் முறிந்தது. 1938இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். 1940இல் பெயரை மார்க் ராத்கோ என்று சுருக்கிக்கொண்டார். போர்க்காலத்தில் கிரேக்கத் தொன்மங்களைப் பொருளாகக் கொண்டு தீட்டினார். 1943இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் திறனாய்வாளர் அவை விளங்கவில்லை என்று எழுத, ராத்கோவும் நண்பர் அடால்ப் காட்லீபும் அவ்விதழுக்கே விடை எழுதினர். ஓவியத்தை விளக்கிச் சொல்ல மறுத்த அம்மடல், பொருளற்ற ஓவியம் நல்ல ஓவியமாகாது என்பதையும் வலியுறுத்தியது. இரண்டாம் மனைவி மெல் அவரை மணந்தது 1945இல்.

போருக்குப் பின் உருவங்கள் ஒவ்வொன்றாய் அவர் துணியை விட்டு நீங்கின. முதலில் முகம் கரைந்தது. பின் உடல் கரைந்து வண்ணத் திட்டுகளாயிற்று. 1949, 1950ஆம் ஆண்டுகளில் அத்திட்டுகள் இரண்டு மூன்று செவ்வகங்களாய் அடங்கின. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் வாங்கிவைத்த மத்தீசின் சிவப்பு ஓவியக்கூடம் என்னும் படத்தின் முன் அவர் நெடுநேரம் நின்றுவந்த காலமும் அதுவே. கோடு மட்டும் இழுத்து வண்ணம் ஊட்டாத சித்திரத்தைப் புனையா ஓவியம் என வழங்கியது சங்கத் தமிழ். ராத்கோ செய்தது அதற்கு நேர்மாறு: கோடே இல்லாமல் வண்ணத்தை மட்டும் நிறுத்தினார்.

அதைச் செய்த முறை எளியதன்று. வண்ணத்தை நீராக இளக்கி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல மெல்லிய பூச்சுகளை ஏற்றினார். அடியிலுள்ள வண்ணம் மேலுள்ளதன் வழியே கசிந்து ஒளிரும். முயல்தோல் பசை, முட்டை, பிசின் என்பனவற்றையும் கலந்தார். அக்கலவையைப் பிறர் அறியாமல் காத்தார். சட்டமிட மறுத்தார். படத்தைத் தாழ்வாக மாட்டச் சொன்னார். விளக்கொளியைக் குறைக்கச் சொன்னார். பார்ப்பவர் நெருங்கி நிற்க விரும்பினார். மனிதனைவிடப் பெரிய துணியின் முன் அவ்வாறு நிற்பவர்க்கு விளிம்புகள் கண்ணுக்கு எட்டா. வண்ணம் அவரைச் சூழ்ந்துகொள்ளும். அருவ ஓவியர் என்று தம்மை அழைப்பதை அவர் ஏற்கவில்லை. அச்சம், துயரம், பேருவகை ஆகிய மானிட உணர்வுகளே தம் பொருள் என்பது அவர் கொள்கை. தம் படத்தின்முன் கண்ணீர் விட்டவர்களே அதை உணர்ந்தவர்கள் என்றும் கருதினார். இக்கூற்றை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. பலர் எதுவும் உணராமல் போகின்றனர். அது அவர்தம் குற்றமுமன்று. ஆனால் உள்ளங்கை அளவு அச்சுப்படத்தைக் கண்டு தீர்ப்பளிப்பது, பாடலைக் கேளாமல் சுரக்குறிப்பை மட்டும் பார்த்து இகழ்வதை ஒக்கும்.

புகழும் பொருளும் ஐம்பது வயதுக்குப் பிறகே வந்தன. வந்தபோது அவை அவரை அமைதிப்படுத்தவில்லை. 1958இல் நியூயார்க்கின் சீகிராம் கட்டடத்தில் திறக்கவிருந்த போர் சீசன்ஸ் என்னும் ஆடம்பர உணவகத்துக்குச் சுவரோவியங்கள் தீட்ட 35,000 டாலருக்கு ஒப்பந்தம் ஆயிற்று. அக்காலத்தில் அது பெருந்தொகை. கருஞ்சிவப்பும் கருமையும் கலந்து, மூடப்பட்ட சாளரங்களைப் போன்ற வடிவங்களை முப்பது அளவில் தீட்டினார். பிறகு உணவகம் திறந்ததும் மனைவியோடு அங்கே சென்று உண்டார். அவ்விலைக்கு உண்போர் எவரும் தம் ஓவியத்தை ஏறிட்டும் பார்க்கமாட்டார் எனத் தெளிந்தார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஓவியங்களைத் தாமே வைத்துக்கொண்டார். செல்வர் சுவருக்கு அணிகலனாக இருக்க மறுத்த இச்செயலை எண்ணுந்தோறும், அவர் மறைந்தபின் ஏலக்கூடங்களில் நடப்பது நமக்குக் கசப்பான நகைச்சுவையாய்த் தோன்றுகிறது. அத்தொகுதியுள் ஒன்பதைப் பின்னாளில் இலண்டன் டேட் காட்சியகத்துக்குக் கொடையாக அளித்தார்.

ஆர்வர்டு பல்கலைக்கழகத்துக்கு அவர் அளித்த ஓவியங்களின் கதை வேறுவகை. 1964இல் ஐந்து பெரிய துணிகள் அங்கே ஓர் உணவுக்கூடத்தில் மாட்டப்பட்டன. அறையோ அகன்ற கண்ணாடிச் சாளரங்கள் உடையது. அவர் பயன்படுத்திய சிவப்பு நிறமி ஒன்று வெயிலைத் தாங்காதது. சில ஆண்டுகளில் செந்நிறம் வெளிறி நீலம் பாரித்தது. விருந்தினரின் கைபட்டும் உணவு தெறித்தும் கறை படிந்தது. 1979இல் கழற்றி இருட்டறையில் வைத்தனர். 2014இல் ஆய்வாளர் ஒரு வழி கண்டனர்: துணியைத் தொடாமல், இழந்த வண்ணத்தைக் கணக்கிட்டு ஒளியாக அதன்மேல் பாய்ச்சினர். மாலையில் விளக்கை அணைத்ததும் வெளிறிய உண்மை தெரிந்தது. வண்ணம் ஒன்றையே நம்பி வாழ்ந்தவரின் படைப்புக்கு வண்ணமே பகையான இந்நிகழ்ச்சி, விலைப்பட்டியலில் இடம்பெறாத செய்தி.

டெக்சாசு மாநிலத்து ஊஸ்டன் நகரில் மெனில் இணையர் 1964இல் அவரிடம் ஒரு வழிபாட்டு மண்டபத்துக்கு ஓவியம் வேண்டினர். எண்கோண வடிவில் அமைந்த அம்மண்டபத்துக்கு மேலிருந்து மட்டுமே வெளிச்சம். நியூயார்க்கில் தம் பணிக்கூடத்திலேயே அச்சுவர்களின் அளவில் போலிச் சுவர் எழுப்பி, வானொளியை மட்டுப்படுத்த மேலே வான்குடைத் துணியைக் கட்டி, 14 ஓவியங்களை உருவாக்கினார். ஏறக்குறையக் கருமையே அவற்றின் நிறம். இன்று அங்கே எச்சமயத்தாரும் வந்து அமரலாம். திருக்குர்ஆன் உள்ளிட்ட பல சமய மறைநூல்கள் வருவோர்க்காக வைக்கப்பட்டுள்ளன. அம்மண்டபம் 1971 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. ஓவியர் அதனைக் காணவில்லை.

1968இல் பெருந்தமனி நோய் அவரை வீழ்த்தியது. பெரிய துணிகளைத் தவிர்க்குமாறு மருத்துவர் கூறினர். மதுவும் மனச்சோர்வும் மிகுந்தன. 1969இன் தொடக்கத்தில் இல்லம் விட்டுப் பணிக்கூடத்தில் தனித்து வாழத் தலைப்பட்டார். 1970ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள், 66ஆம் வயதில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். டேட் காட்சியகத்துக்கான ஒன்பது ஓவியங்களும் இலண்டன் வந்து சேர்ந்தது அதே நாளில். அவர் முடிவை ஓவியத்தின் கருமையோடு இணைத்துக் காவியமாக்குவோர் உளர். நோயும் தனிமையும் கொண்ட ஒரு மனிதருக்கு உரிய நேரத்தில் உரிய துணை கிட்டாத அவலம் என்பதற்கு மேல் அதில் காண நமக்கு ஏதுமில்லை. ஆறு திங்களில் மனைவி மெல்லும் இறந்தார். மகள் கேட்டுக்கு அப்போது வயது 19. மகன் கிறிஸ்டபர் ஏழு வயதை எட்டவிருந்த சிறுவன்.

தாய் தந்தையற்ற இவ்விருவர்க்கும் நேர்ந்ததே இவ்வரலாற்றின் கனமான பகுதி. ராத்கோ விட்டுச்சென்ற ஓவியங்கள் 798. அவற்றுக்குப் பொறுப்பாளர் மூவர்: கணக்கர் பெர்னார்டு ரீஸ், ஓவியர் தியோடோரஸ் ஸ்டாமோஸ், பேராசிரியர் மார்ட்டன் லெவின். மூவரும் அவர்தம் நண்பர். இறந்து மூன்று திங்கள் முடியுமுன்பே இம்மூவரும் மார்ல்பரோ என்னும் ஓவிய வணிக நிறுவனத்துக்கு 100 ஓவியங்களை மொத்தமாக 18 இலட்சம் டாலருக்கு விற்றனர். சராசரியாக ஒன்றுக்கு 18,000 டாலர். அதுவும் வட்டியின்றிப் பன்னிரண்டு ஆண்டுத் தவணையில். எஞ்சியவற்றை அதே நிறுவனமே விற்றுத் தர வேண்டும். அதற்குத் தரகு விலையில் பாதி. வாங்கியவற்றை நிறுவனம் பன்மடங்கு விலைக்கு விற்கலாயிற்று.

மகள் கேட் 1971இல் வழக்குத் தொடுத்தார். வழக்கு விரிய விரிய உண்மை வெளிப்பட்டது. ரீஸ் அந்நிறுவனத்திலேயே பதவி வகித்து ஊதியம் பெற்றவர். ஸ்டாமோசின் ஓவியங்களை விற்றுத்தர அதே நிறுவனம் அவரோடு ஒப்பந்தம் செய்திருந்தது. நீதிமன்றம் தடை விதித்த பின்னும் நிறுவனம் ஓவியங்களை விற்றது. 1975 டிசம்பரில் நீதிபதி மில்லார்டு மிடானிக் தீர்ப்பளித்தார். பொறுப்பாளர் மூவரும் நீக்கப்பட்டனர், ஒப்பந்தங்கள் செல்லாதனவாயின, அபராதமும் இழப்பீடுமாக 90 இலட்சம் டாலருக்கு மேல் விதிக்கப்பட்டது, விற்காத ஓவியங்கள் திரும்பின. 1977இல் மாநில மேல்நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. நிறுவனத் தலைவர் பிராங்க் லாயிடு, சான்றேட்டைத் திருத்திய குற்றத்துக்காகப் பின்னர்த் தண்டனை பெற்றார்.

இத்தீர்ப்பில் ஒரு நுட்பம் சட்டம் பயில்வோர் இன்றும் படிப்பது. அடைக்கலப் பொருளைத் தம் நலத்துக்காக விற்றவர், விற்ற நாளின் விலையைக் கொடுத்தால் போதாது. தீர்ப்பு நாளில் அப்பொருள் என்ன விலை பெறுமோ அதை ஈடு செய்தல் வேண்டும். ராத்கோவின் விலை ஏறியதே நம்பிக்கை துரோகத்துக்கான தண்டனையின் அளவாயிற்று. கோடிக்கணக்கான விலைகளைப் பற்றிப் பேசுவோர் இவ்வழக்கை ஏனோ மறந்துவிடுகின்றனர். அறக்கட்டளையின் பங்காக வந்த ஓவியங்கள் 1980களில் அருங்காட்சியகங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. வாஷிங்டன் தேசியக் கலைக்கூடம் அவற்றுள் பெரும்பங்கு பெற்றது.

விலை ஏன் ஏறிற்று என்பதற்கு விடையும் இங்கேதான் கிடக்கிறது. துணியில் அவர் தீட்டியவை மொத்தம் 836 என 1998இல் வெளிவந்த அட்டவணை கணக்கிட்டது. சிறந்தவற்றுள் பல அருங்காட்சியகங்களைச் சேர்ந்துவிட்டன. அவை சந்தைக்குத் திரும்பா. எஞ்சிய சிலவற்றுள் ஒன்று எப்போதாவது ஏலத்துக்கு வரும். பணத்துக்கு எல்லையில்லாத இருவர் அதை விரும்பினால் போதும், மூன்றாமவர் எவரும் வேண்டியதில்லை. டேவிட் ராக்பெல்லர் 1960இல் 10,000 டாலருக்கும் குறைவாக வாங்கிய வெண்ணடு என்னும் ஓவியம் 2007இல் 7 கோடியே 28 இலட்சம் டாலருக்குப் போயிற்று. அதே துணிதான், அதே வண்ணம்தான்.

போலியின் வரலாறு இதனை இன்னும் தெளிவாக்கும். நியூயார்க்கில் 1846 முதல் இயங்கிய நோட்லர் என்னும் புகழ்பெற்ற ஓவியக்கூடம், 2004இல் ஒரு ராத்கோவை 83 இலட்சம் டாலருக்கு விற்றது. அதைத் தீட்டியவர் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த, சீனாவிலிருந்து குடியேறிய ஓவியர் ஒருவர் எனப் பின்னர் வெளிப்பட்டது. 2011இல் அக்கூடம் மூடப்பட்டது. 2016இல் வழக்கு விசாரணைக்கு வந்து, நடுவிலேயே உடன்பாட்டில் முடிந்தது. கைதேர்ந்தவர் கண்களையும் ஏமாற்றிய அத்துணி, உண்மை தெரிந்த அன்றே மதிப்பிழந்தது. கண்ணுக்காகவே கொடுத்த விலை என்றால் கண் கண்டது மாறவில்லையே என்று கேட்கலாம். பெயருக்குக் கொடுத்த விலை என்றால் ஏமாற்று வெளிப்பட்டதும் விலை சரிந்தது முறையே. ஆயினும் முதன்முதல் ஒரு வழியைக் கண்டவனுக்கும், கண்ட வழியில் நடப்பவனுக்கும் உள்ள தூரம் பெரிது. அத்தூரத்துக்கு மதிப்பு உண்டென்றே நாம் கருதுகிறோம். அது எத்தனை கோடி என்று சொல்லும் உரிமை ஏலக்காரருக்கு இல்லை.

ராத்கோவை 1970இல் அடக்கம் செய்தது லாங் தீவில் ஈஸ்ட் மாரியன் என்னும் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில். அந்த நிலம் ஸ்டாமோசுக்கு உரியது. நண்பர் என்ற முறையில் அவர் இடம் அளித்திருந்தார். அவ்வடக்கம் நடந்த ஓராண்டுக்குப் பின்னர்தான் வழக்கு எழுந்தது. மெல் வேறிடத்தில் அடக்கமானார். தந்தையைத் தாயோடு ஒரே இடத்தில் வைக்கவேண்டும் என மக்கள் இருவரும் நீதிமன்றத்தை அணுகினர். 2008இல் இசைவு கிடைத்தது. நியூயார்க் நகருக்கு வடக்கேயுள்ள யூதர் கல்லறைத் தோட்டத்துக்கு அவரை மாற்றினர்.